பாதி இறங்கிய ஷட்டர்

பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார் பேங்க் மேனேஜர். பின்னாலேயே மனைவியும் வந்தாள். சாப்பாட்டுக் கடைக்குள் எல்லா மேஜையிலும் ஆட்கள். மூலையில் மட்டும் இடம் இருந்தது.

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் முந்திக்கொண்டார்.

"வயிறு கபகபன்னு எரியுது. என்னப்பா இருக்கு?"

"சோறும் குழம்பும்தான் சார்."

"இவ்ளோ பெரிய போர்டு மாட்டிட்டு இவ்வளவுதானா? சரி, போடு."

கடைக்காரரின் மனைவி பரிமாறினாள். குழம்பு தேவாமிர்தம். ஆனால் குறை சொல்லாமல் சாப்பிட்டால் மேனேஜருக்குச் செரிக்காது. தண்ணீர் வரத் தாமதமானதற்கு ஒரு சத்தம், தட்டில் ஈரம் இருந்ததற்கு இன்னொரு சத்தம்.

"மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மனைவி.

"பாக்கட்டும். குடும்பமா நடத்துற கடைன்னு பேரு, ஒருத்தர் மூஞ்சியிலயாவது சிரிப்பு இருக்கா? எழவு வீடு மாதிரி இருக்கு!"

கடைக்காரர் மெல்ல அருகில் வந்தார்.

"அம்மா தவறிட்டாங்க சார். அடக்கம் பண்ணிட்டு இப்பதான் வந்தோம். இவங்கெல்லாம் சொந்தக்காரங்க. கடை இன்னிக்கு லீவு."

மேனேஜர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே..."

"பசிக்குதுன்னு வந்து உக்காந்துட்டீங்க. எழுந்து போங்கன்னு எப்படி சார் சொல்றது?"

மேனேஜர் எழப் பார்த்தார். அதற்குள் கரண்டியோடு வந்து நின்றாள் கடைக்காரரின் மனைவி. அழுதழுது வீங்கியிருந்த அவள் கண்களை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"பாதியில எழுந்திரிக்காதீங்கண்ணே. இன்னும் கொஞ்சம் போடுறேன்."

அவர் குனிந்த தலை நிமிராமல் தட்டை நீட்டினார்.