மூலைக் கணினியின் கேள்வி

12.9.2007. மூலைக் கணினியில் ஒரு கோப்பை யாரையும் கேட்காமல் அழித்தேன். சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன்.

வகுப்பு முடிகிற நேரத்தில் சபீனா தன் டைரியில் இதை எழுதினாள். தார்நாகாவில் அவள் படிக்கும் மாலைக் கணினி வகுப்பில், அந்தக் கணினியில் மட்டும் எந்த ஜாவா புரோகிராமை ஓடவிட்டாலும் கடைசியில் "சாப்பிட்டியா?" என்று ஒரு வரி வரும்.

"அந்த சிஸ்டம் நக்கோ, வேண்டவே வேண்டாம், பேய் இருக்கு," என்பான் கூடப் படிக்கும் பாபு. "லேப் இன்சார்ஜ் எலிசபெத் மேடம் தினமும் அதுல உக்காந்துட்டு முகம் வெளிறி எழுந்து வராங்க, பாரு."

அன்று வகுப்பில் சபீனா அந்தக் கணினியின் அமைப்புகளை வரிவரியாகப் படித்தாள். ஜாவா புரோகிராமுக்கு வேண்டிய கோப்புகளை மேவன் என்ற மென்பொருள் முதலில் அந்தக் கணினியின் சேமிப்பில் தேடும்; அங்கே இல்லாவிட்டால்தான் வெளி சர்வரிலிருந்து இறக்கும். சேமிப்பில் இருந்த ஒரு கோப்பை, அந்த வரி வரும்படி யாரோ திருத்தியிருந்தார்கள். அவள் அதை அழித்ததும் சர்வரிலிருந்து சுத்தமான பிரதி இறங்கியது. அந்த வரி நின்றுபோனது.

மற்ற எல்லோரும் கிளம்பியதும் எலிசபெத் வழக்கம்போல் மூலையில் போய் உட்கார்ந்தார். ஒரு புரோகிராமை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது?"

"பேயை ஓட்டிட்டேன் மேடம். இனிமே நீங்க பயப்பட வேண்டாம்."

எலிசபெத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயமா? என் வீட்டுக்காரர் இங்க பாடம் எடுத்தப்ப எனக்காக எழுதி வச்ச வரி அது, சபீனா. அவர் இறந்தப்புறம் என்னை அப்படிக் கேக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு."

சபீனா மறுபடி டைரியைத் திறந்தாள்.

நாளை: சீக்கிரம் வந்து, லேப் பீரோவில் இருக்கும் பேக்கப் சிடிகளில் அந்தப் பழைய கோப்பைத் தேட வேண்டும்.