இருநூறு எண்ணும்வரை

ராஜகோபாலன் நூற்றிருபது வரை எண்ணியிருந்தார். குடையும் கையுமாக ஒருவர் கோபுரத்துக்கு நேரே வந்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

போயிற்று.

காமிராவில் மீதி இருப்பது ஒரே ஒரு படம். யுத்தம் முடிந்தும் மதராஸில் ஃபிலிம் கிடைக்கவில்லை. விடிந்தால் ஊர் திரும்ப நாகபுரிக்கு ரயில். கொடியேற்றம் நாளை மறுநாள்தான். விளக்குச் சரங்களை இன்றே ஏற்றிப் பார்க்கிறார்கள். எப்போது அணைப்பார்களோ.

இருட்டில் எடுப்பதென்றால் இருநூறு எண்ணும்வரை லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். நடந்து போகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். நிற்கிறவர்கள் விழுவார்கள். மயிலாப்பூரில் கபாலி கோபுரத்தைக் கண்டு நிற்காமல் போகிறவன் யார்?

"இன்னா சாமி, அது எங்க ஓடிடப் போவுது? பகல்ல வந்து புடியேன்!" என்று சிரித்துவிட்டுப் போனான் ஒரு ஜட்காக்காரன்.

மனைவி விசாலாக்ஷியைக் காவலுக்கு நிறுத்தினார்.

ராமேஸ்வரம், மதுரை, சிதம்பரம். இந்த யாத்திரையில் எந்தக் கோயிலுக்குள்ளும் அவள் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டாள். ஊருக்கு ஊர் சண்டை போட்டு அவருக்கு அலுத்துவிட்டது. அந்தப் பிடிவாதம் இன்றைக்காவது உதவட்டும்.

லென்ஸைத் திறந்தார். ஒன்று. இரண்டு.

"உள்ளே போய் தரிசனம் பண்ணுங்கோ மாமா, சுவாமி அங்கேதான் இருக்கார்!"

அவள் குரலுக்கு இரண்டு பேர் நகர்ந்தார்கள். பூக்கூடைக்காரி முறைத்துக்கொண்டே போனாள். எண்பது. நூறு. தெரு காலியானது.

விசாலாக்ஷி கோபுரத்தின் பக்கம் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள். நட்டநடுவில்.

அவர் பல்லைக் கடித்தார். லென்ஸை மறைக்கக் கையைக் கொண்டுபோனார்.

அவளுடைய இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்து, தலைக்கு மேல் கூடின.

ஒரே பிள்ளை பர்மாவில் காணாமல் போனான் என்று தந்தி வந்த அன்று பூஜை அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டவள்.

ராஜகோபாலன் கையை இறக்கிக்கொண்டார்.

இருநூறு வந்தது. அவள் அசையவில்லை.

இருநூற்றொன்று, என்றார்.