மை காயாத விரல்

நாற்பது வருடமாக நெற்றியில் ஒரு கருவியை ஒற்றி, ஆள் மனதைப் படித்து, அவரவர் ஓட்டையும் அரசாங்கமே போட்டுக்கொண்டது. மக்கள் திரண்டு அந்த அரசைக் கவிழ்த்தபின் இதுதான் முதல் தேர்தல்.

சாவடியில் மை வைக்கும் செண்பகவல்லியிடம் வந்தவர்களெல்லாம் பழக்கதோஷத்தில் நெற்றியை நீட்டினார்கள். "நெத்தி வேணாம்ண்ணே, விரலக் காட்டுங்க" என்று சொல்லியே அவளுக்குத் தொண்டை வற்றிப்போனது.

மீன் வியாபாரி இருளப்பன் மறைப்புக்குள் போய்க் கால் மணி நேரமாகியும் வரவில்லை.

"ஆச்சாண்ணே?"

"இரும்மா, யோசிக்கிறேன்."

வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்களும் யோசித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

வெளியே வந்து மைக்கு விரலை நீட்டியவர் முகம் வாடியிருந்தது. "தப்பாப் போட்டுட்டேனோ? மாத்த முடியாதா?"

"அஞ்சு வருஷம் கழிச்சு மாத்திக்கலாம்ண்ணே."

இருளப்பன் மை காயாத விரலையே பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது.

"அப்பவும் என்னையத்தான் கேப்பாங்களா?"