ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும்

"முதல்ல அத நிப்பாட்டுங்க. சுவர் அதிருது" என்றாள் லவினா.

"சுவர் அதிரத்தானே அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் வாங்கினனான்" என்றார் அவள் கணவர் ஒஸ்வால்ட்.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் சத்தத்துக்குள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீவியில் யார் என்ன பேசினாலும் அவருக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்கும். வசனத்துக்கு வசனம் "என்னவாம்?" என்று லவினாவைக் குடைந்துகொண்டிருந்தவர், அந்தத் திங்கட்கிழமை மருதானையில் இருப்பதிலேயே மலிவான சரவுண்ட் செட் ஒன்றை வாங்கி, பொருத்துவதற்குக் கடைக்காரன் பிறெடியையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

"பிழை உங்கட காதில இல்ல, அண்ணன்" என்று பிறெடி வயரைச் சுற்றியபடி ஆறுதல் சொன்னான். "இந்த மெல்லிசு டீவிக்கெல்லாம் ஸ்பீக்கர் முதுகிலதான், கதைக்கிறதெல்லாம் பின் சுவருக்குத்தான் போகுது. இனி அத ஓஃப் பண்ணியாச்சு. நடுவில வச்சிருக்கிற இந்தப் பெட்டிதான் கதைக்கும், நேரா உங்கட மூஞ்சிக்கு. வூஃபர் சுவரோட ஒட்டி இருக்கட்டும். அப்பத்தான் அடி நல்லா விழும்."

அவன் போனதும் லவினா இடுப்பில் கை வைத்தாள்.

"அந்தச் சுவருக்கு அங்கால ஆர் இருக்கிறது எண்டு தெரியும்தானே?"

தெரியும். கொட்டாஞ்சேனையில் அந்தத் தொடர்மாடியின் நான்கு மாடிக்கும் தெரியும். மாக்ரெட் அக்கா, செபக்குழுத் தலைவி. விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பல் உதிருமுன்பே தன் வீட்டு டீவியைத் துணி போட்டு மூடி, தவக்காலம் முடியும்வரை அதில் முழிப்பதில்லை என்று ஒறுத்தல் எடுத்தவர். எடுத்தோமா, பேசாமல் இருந்தோமா என்று இல்லாமல், படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் மறித்து, "நீங்க என்னத்த விட்டிருக்கிறீங்க?" என்று விசாரிப்பார். மேல்மாடி மெல்ரோய் தவக்காலத்தில் பைலாப் பாட்டுப் போட்டு ஆடியதற்காக, அடுத்த செபக் கூட்டத்தில் அவன் மனந்திரும்ப வேண்டுமென்று பெயர் சொல்லி ஒரு தனி மன்றாட்டே நடந்தது. அவன் இப்போது பின் படிக்கட்டால்தான் ஏறி இறங்குகிறான்.

"ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு அவ அந்தச் சுவரடியிலதான் செபம் சொல்றவ. லைட்டையும் நூத்துப்போட்டு, கண்ண மூடிக்கொண்டு இருப்பாவாம். அவவிட மகள் ரொஷேல்தான் சொன்னவள்" என்றாள் லவினா. "நம்மட நாடகமும் ஏழு மணிக்குத்தான். அவவிட்ட இருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் இந்தச் சாமான் திரும்ப மருதானைக்குத்தான். சொல்லிப்போட்டன்."

ஒஸ்வால்ட் "ஓம்" என்றார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருக்குப் பழகிப்போன சொல் அது.

அன்று ஏழு மணிக்கு நாடகத்தில் மூத்த மருமகள் பெருமூச்சு விட்டதுகூட அவருக்குக் கேட்டது. ஒரு தடவைகூட "என்னவாம்?" என்று கேட்கவில்லை. சந்தோஷத்தில் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நாடகத்தில் இடி இடிக்க, வூஃபர் போட்ட போட்டில் சுவரில் இருந்த திரு இருதயப் படம் ஒரு பக்கம் சரிந்தது.

மறுநாள் படிக்கட்டில் மாக்ரெட் அக்கா ஒஸ்வால்ட்டைக் கண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை லவினாவிடமே கேட்டார். "உங்கட வீட்டில என்னவோ மாறியிருக்கு, என்ன?"

"ஒண்டுமில்ல அக்கா. கதிரையத்தான் கொஞ்சம் தள்ளிப் போட்டனாங்க."

தவக்காலத்தில் பொய்யும் சேர்ந்துகொண்டது. அன்றே வூஃபருக்கு மேல் தலையணை ஏறியது. சத்தம் இருபதிலிருந்து நாலுக்கு இறங்கியது. வியாழக்கிழமை, ஐந்து ஸ்பீக்கருக்கும் நடுவில், டீவிக்கு ஒரு முழம் தள்ளிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஒஸ்வால்ட் மெல்லத் திரும்பி, "என்னவாம்?" என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப் பாதைச் செபம் முடிந்து ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாக்ரெட் அக்கா. கையில் செபமாலை.

"தம்பி, திங்கக்கிழமையில இருந்து ஏழு மணிக்கு எனக்கு நிம்மதி இல்ல" என்றார், உட்காராமலே.

"வேலியில போன ஓணானத் தூக்கி மடியில கட்டினீங்களே" என்று லவினா பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே இருந்த வெற்று அட்டைப்பெட்டியை எடுத்து வந்து ஒஸ்வால்ட்டின் காலடியில் வைத்தாள்.

முப்பது வருடத்துக்குப் பிறகு, திங்களும் செவ்வாயும்தான் ஒஸ்வால்ட் நாடகத்தை ஒழுங்காகக் கேட்டிருந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா, இப்பவே கழட்டுறன்" என்று வயரைப் பிடுங்கக் குனிந்தார்.

"பொறுங்க. இதில எது கதைக்கிறது?"

"நடுவில இருக்கிறது, அக்கா."

மாக்ரெட் அக்கா அருகில் போய் அந்தப் பெட்டியை முன்னும் பின்னும் பார்த்தார். வாசல் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் பாக்கிறதத்தான் விட்டனான், தம்பி. போன கிழமை வரைக்கும் சுவரால ஒரு சொல் தவறாமக் கேட்டுது, இப்ப டும் டும் எண்டு மட்டும்தான் வருது. இந்தக் கதைக்கிற பெட்டிய எங்கட பக்கம் திருப்பி வையுங்க, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மட்டும்."