சைக்கிள் வீரய்யாவின் வாக்குமூலம்

வீரய்யா வாயை அகலமாகத் திறந்து நாக்கை நீட்டினார்.

“ஒரு மாசமா நெஞ்செரிச்சலுங்க. நாக்கைப் பாத்தாலே தெரிஞ்சிருமாம்ல?”

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. கந்தர்வக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ‘நான் டாக்டர் செங்கமலம்’ என்று முழுப்பேரையும் சொல்லி வீரய்யா வீட்டுக்கு வழி கேட்டது வினையாகிவிட்டது. முந்திரித் தோப்பைக் கடந்து அவள் வந்து சேர்வதற்குள் செய்தி ஓடிவந்து வீட்டில் உட்கார்ந்திருந்தது.

“நான் ஊசி போடுற டாக்டர் இல்லீங்கய்யா. காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணி வாங்குன பட்டம்.”

வீரய்யா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் மனைவி மருதாயிக்குத்தான் ஏமாற்றம். “அதான் பட்டம் வாங்கியாச்சே, இங்கிட்டு என்ன சோலி?” என்றாள்.

செங்கமலம் பாயில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அதற்கு மேலும் ஆராய்ச்சி செய்ய லண்டனில் ஒரு வாய்ப்பு. குற்றம், விஞ்ஞானம், சட்டம் மூன்றும் கலந்த படிப்பு, இரண்டு வருஷம். நாடு முழுவதற்கும் ஒரே ஓர் இடம். கண்ணால் பார்த்த சாட்சி எப்படிப் பொய்த்துப்போகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். பொய்த்துப்போன ஒரு வழக்கை, தண்டனை அடைந்தவரின் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் மெட்ராஸில் சேர்க்க வேண்டும்.

“அதுக்கு ஒங்க சைக்கிள் கேஸை எடுத்திருக்கேன்.”

மருதாயி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு முந்தி, ஜமீன் காலத்தில், ரைஸ்மில் முதலாளியின் சைக்கிளைத் திருடியதாக வீரய்யா ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். அந்தச் சைக்கிள் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஊரில் நாலு வீரய்யா இருந்தார்கள். ‘சைக்கிள் வீரய்யா’ என்றால் இவர்.

“எனக்குச் சைக்கிள் ஏறவே தெரியாதுன்னு கோர்ட்டுல தலையால தண்ணி குடிச்சேன், யாரு கேட்டா?” வீரய்யாவுக்குப் பேச்சுச் சூடு பிடித்தது. “ஆனா சும்மா சொல்லக்கூடாது தாயி, வண்டின்னா அது வண்டி. சீட்டு மெத்தை கணக்கா இருக்கும். மிதிச்சாச் சத்தமே வராது, தண்ணியில போற மாதிரி போகும்.”

செங்கமலம் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“போன வருஷம் ஒரு ஜெயில்ல சாகக் கெடந்த கைதி ஒருத்தன், தான் செஞ்ச திருட்டையெல்லாம் ஒத்துக்கிட்டான். மொத்தம் எழுபத்திரண்டு. அதுல ஒங்க ஊர்ச் சைக்கிளும் இருக்குய்யா.”

வீரய்யாவின் புருவம் ஏறியது. “இதுவுமா?”

“நீங்க குத்தவாளி இல்லைன்னு அச்சுல வரும். பேப்பர்லயும் போடச் சொல்றேன்.”

“மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா!” மருதாயிக்குக் குரல் உடைந்தது. “போன தையில எம்மவளைப் பொண்ணு கேட்டு வந்தவுக, சைக்கிள் வீரய்யா வீடான்னு கேட்டுட்டு அப்படியே பஸ் ஏறிட்டாக. அந்தப் பேப்பரை வீடு வீடாக் கொண்டுபோயிக் காட்டுவேன். போடுங்க கையெழுத்தை!”

செங்கமலம் தாளை நீட்டினாள். வீரய்யா வாங்கினார். பேனாவை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

“அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். கோர்ட்டுல ஸ்டூல் மேல ஏத்தி நிறுத்தி ஒரு சின்னப் புள்ளைகிட்ட சாட்சி கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா?”

“இருக்காதா? அப்ப இங்க மாத்தலாகி வந்திருந்த வாத்தியார் மக, பேரு மறந்துபோச்சு. ஒம்பது வயசு. எம்புட்டு ஜனம்! கொஞ்சங்கூடப் பயப்படாம என்னையக் கைகாட்டுச்சே.”

“அது நாந்தாங்கய்யா.”

மருதாயி வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டாள். செங்கமலம் தலையைக் குனிந்தே பேசினாள். “கொளத்துக்கரையில நீங்க சைக்கிள்ல போனதைப் பாத்தேன்னு நெசமாத்தான் நம்பினேன். ஒரு பாவமும் அறியாத மனுசனை ஜெயிலுக்கு அனுப்பிட்டேன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதுலேருந்து எங்கண்ணையே நான் நம்புறதில்ல. எதிர்ல வர்றது எங்கம்மாவா இருந்தாலும் ரெண்டு தடவை பாக்குறேன். மன்னிச்சிருங்கய்யா.”

அவள் கண்ணீர் நோட்டில் விழுந்து மையைக் கலைத்தது. வீரய்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருதாயி, போயி மோர் கலந்து கொண்டா. உப்புப் போட்டு, நல்லா ஆத்திக் கொண்டா.”

மருதாயி அடுப்படிக்குள் மறையும்வரை காத்திருந்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் செங்கமலத்தின் மடியில் வைத்தார்.

“என்னங்கய்யா, எம்மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல தாயி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒங்கண்ணுல ஒரு கொறையும் இல்ல. அன்னைக்கி ஓட்டிக்கிட்டுப் போனது நாந்தான்.”