செடியில் விட்ட ஒன்று

இன்றைக்கும் முந்திக்கொண்டார்கள்.

அவள் தெருமுனை திரும்பும்போதே கிளை ஆடிக்கொண்டிருந்தது. பூட்டிய வீட்டின் கேட்டை ஒட்டி நிற்கும் நந்தியாவட்டை. இரவில் பூத்துக் குலுங்கும். விடிந்தால் மொட்டை.

பெரியவர் குடைப்பிடியின் வளைவைக் கிளையில் மாட்டி, கீழே இழுத்துப் பிடிப்பார். மழைக்கு ஒருநாளும் விரியாத குடை. அவர் மனைவி பறித்துப் பையில் போடுவார். பிடிப்பதோடு அவர் வேலை சரி. பை எப்போதும் அந்த அம்மாவிடம்.

திருட்டுப் பூவிலும் எல்லை உண்டு. அந்தத் தெருவில் வேறு யாரும் அந்தச் செடியைத் தொடுவதில்லை.

அவளுக்கு வேண்டியது செடி முழுக்கப் பூத்து நிற்கிற படம். கோடையில் ஒன்று, மழையில் ஒன்று, பனியில் ஒன்று. மாட்டுவதற்கு வீட்டில் ஒரு சுவரையே ஒழித்து வைத்திருந்தாள்.

கேமராவைக் கண்ணில் வைத்தால், கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று உள்ளே வரும். பூவோடு போகும்.

எரிச்சலாக வரும். கை விழுந்த படங்களை நின்ற இடத்திலேயே அழித்துவிடுவாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். செடியில் இருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், பறித்தால் மத்தியானத்துக்குள் வாடிவிடுமே என்று.

"வாடினாத்தானே நாளைக்கும் வரலாம்" என்றார் அந்த அம்மா.

பெரியவர் திரும்பவே இல்லை. அவருக்குக் காது மந்தம். கண் எப்போதும் கிளைமேல்.

மறுநாள் செடியில் ஒரே ஒரு பூ இருந்தது. தப்பியது என்றுதான் நினைத்தாள்.

அதற்கடுத்த நாளும் ஒன்று இருந்தது. தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பி, கேமரா பிடிப்பதுபோல் விரல்களைக் கண்முன் வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

ஆக, அவளுக்கும் ஒரு பங்கு.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? செய்தாள். சித்திரையில் புழுதி படிந்த பூவை வெயிலுக்கு எதிரே வைத்து எடுத்தாள். ஆடிக்காற்றில் அது நிற்கவே இல்லை. பம்பரம் மாதிரி ஒரு படம் விழுந்தது. அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஐப்பசியில் இதழ் நடுவே தேங்கிய தண்ணீரில் ஓர் எறும்பு தத்தளித்தது. அது கரையேறும்வரை முட்டிபோட்டுக் காத்திருந்தாள். பால்காரர் வண்டியை நிறுத்தி, என்னம்மா தொலைந்தது என்று கூடவே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒருநாள் இலைக்குப் பின்னால் இருக்கும் பூவாகப் பார்த்து விட்டுவைப்பார். ஒருநாள் தரையைத் தொடுகிற கிளையில். தேடிக்கொள் என்று அர்த்தம். அவளும் தேடிக் கண்டுபிடிக்காமல் போனதில்லை.

ஆனாலும் முழுச்செடி ஆசை போகவில்லை. ஒரே ஒரு நாள் இவர்கள் வராமல் இருந்தால் என்ன என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

மார்கழியில் அது நடந்தது.

கிளை கொள்ளாத பூ. இலையே தெரியவில்லை. பனி வேறு. அவள் ரோட்டில் உட்கார்ந்தாள், படுத்தாள், எதிர்வீட்டுப் படியில் ஏறினாள். போதாதென்று மறுநாளும் வந்தாள். அன்றைக்கு இன்னும் கூடுதலாகப் பூத்திருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மார்கழியில் போய்ச் சாமிக்குப் பூ வேண்டாமா? அது மட்டும் தோன்றவில்லை.

இஸ்திரி வண்டி தனபாக்கியம்தான் கரியை விசிறிக்கொண்டே சொன்னாள்.

"அந்தம்மாதான் போயிட்டாங்களே. வீட்ல தீட்டு. வெளக்கே ஏத்தல, பூவு எதுக்கு?"

கரண்ட் கம்பத்தில் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக அவள் அதன் கீழேதான் படுத்துக் கிடந்திருக்கிறாள்.

குமுதவல்லி. பெயரே அப்போதுதான் தெரிந்தது. எந்த அடையாள அட்டையிலிருந்தோ எடுத்துப் பெரிதாக்கிய படம். முகம் கலங்கிப்போயிருந்தது. நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை போல.

வீட்டுக்கு வந்து கேமரா முழுக்கத் தேடினாள். ஒரு வருஷத்துப் பூ இருந்தது. அந்த அம்மாவின் கைகூட இல்லை.

வாய்முகூர்த்தம் என்பார்களே. அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அழுதாள்.

பிறகு கேமராவை எடுத்துப் போகவில்லை. நடை மட்டும் அந்த வழியாகத்தான். பூக்கள் செடியிலேயே பழுப்பேறி உதிர்ந்தன. அந்தச் செடியில் வாடிய பூவை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தை பிறந்து ஒரு காலையில் பெரியவர் வந்தார். காரியம் எல்லாம் முடிந்திருக்கும். மொட்டைத் தலையில் முடி முளைவிட்டிருந்தது. கையில் குடை இருந்தது. பை இல்லை.

வளைவை மாட்டினார். கிளையை இழுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

அவள் பக்கத்தில் போனாள். துப்பட்டாவை ஏந்திப் பிடித்துக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள். யாரென்று அவர் கேட்கவில்லை. கண் கிளைமேல்தான் இருந்தது. அவளுக்கு எட்டாதபோது மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.

கடைசிப் பூவுக்குக் கை போனது.

"அத விட்டுடும்மா. யாரோ ஒரு பொண்ணு வரும்னு எப்பவும் ஒண்ணு விடுவா."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவர் குடையை விடுவித்தார். கிளை அந்த ஒரு பூவோடு மேலே போனது.