கடைசியாகச் சேர்ந்த குரல்

அந்த மருத்துவமனையில் பிறந்த அத்தனை குழந்தைகளின் முதல் அழுகையும் ஒரே ஜிப் கோப்புக்குள் அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. அங்கே கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் ரிஸ்வானாவின் மகள் அஃப்ரா மட்டும் அதில் இல்லை. அவள் பிறந்தபோது அழவில்லை. அதன் பிறகும் ஆறு வருடம் வாயே திறக்கவில்லை. நேற்றுதான், பால் பொங்கியதைப் பார்த்து, தெருவே திரும்பும்படி "உம்மா!" என்று கத்தினாள். பிறகு ஓயவேயில்லை. ரிஸ்வானா அந்தக் கத்தலில் ஒன்றைப் போனில் பிடித்து, அதையும் அந்தக் கோப்பில் சேர்க்க இன்று மகளோடு வந்திருந்தாள்.

"ஜிப் மூட்டையப் பிரிச்சுக் கட்ட சர்வர்ல இடமில்லம்மா. கை தவறினா அத்தனை பிள்ளைங்க சத்தமும் போயிடும்," என்றார் அதிகாரி தேவசகாயம்.

"பிரிக்கவே வேணாம் சார். நிரல் எழுதிட்டேன், இவ குரலைக் கடைசியில கோத்துடும்."

எண்டரில் விரலை வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. சேர்க்கச் சொல்ல வேண்டிய இடத்தில், பழையதை அழித்துவிட்டு எழுதச் சொல்லியிருந்தாள். விரலை எடுத்துத் திருத்தினாள். அழுத்தினாள்.

முதல் பதிவைத் திறந்தாள். யார் பெற்ற பிள்ளையோ வீறிட்டது. கடைசிப் பதிவைத் திறந்தாள்.

"உம்மா!" ஸ்பீக்கர் அதிர்ந்தது.

மேசைமேல் உட்கார்ந்திருந்த அஃப்ரா, தன்னைவிடப் பெரிதாகக் கத்திய அந்த ஸ்பீக்கரை முறைத்தாள்.

"மைக்கப் போடும்மா, சீக்கிரம்! இதையும் சேத்துடலாம்!" என்று தேவசகாயம் அலறினார்.

அஃப்ரா மூச்சை இழுத்தாள்.